சுடாத பிடிதுணி: உள்ளே எதை வைத்துத் தைப்பது?

போன ஜூலையில் மும்பை செம்பூரில் மூன்று நாள் விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. கொடியில் இருந்ததை எல்லாம் எடுத்து நாற்காலி முதுகிலும் கதவு மேலும் போட்டிருந்தோம். காலையில் ரசம் நுரைத்து வரும் சமயம், கைக்கு அகப்பட்ட டர்க்கி டவலை நாலாக மடித்து, எவர்சில்வர் பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். தடியான டவல்தான். ஆனால் அதன் ஒரு மூலையில் மேடையைத் துடைத்த ஈரம் இருந்திருக்கிறது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைக்க இரண்டு அடி தூரம். அதற்குள் வலது கையில் இரண்டு விரல் நுனி கொப்பளித்துவிட்டது. இடது கைக்கு ஒன்றுமே இல்லை. அதே டவல், அதே மடிப்பு, அதே பாத்திரம்.

அன்றிலிருந்து பிடிதுணியை வேண்டாத துணியில் அவசரத்துக்குத் தைக்கும் சாமானாக நான் நினைப்பதில்லை. எங்கள் வீட்டுக்கும் அக்காள் வீட்டுக்குமாக இந்த ஒரு வருடத்தில் முப்பதுக்கு மேல் தைத்துவிட்டேன். மேல் துணியின் பூவும் நிறமும் உங்கள் விருப்பம். உள்ளே வைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கையின் பாதுகாப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சூடு எப்படிக் கைக்கு வருகிறது

பிடிதுணிக்குள் சூட்டைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். நூலுக்கும் நூலுக்கும் நடுவில், பஞ்சின் இழைகளுக்கு நடுவில் நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காற்று. துணியின் வேலை அந்தக் காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை மாறிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்குக் கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட ஈரம் ஆவியாகி, துணி வழியாக நேராக விரலுக்கு வரும். என் வலது கைக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு விஷயம், அழுத்தம். கனமான பாத்திரத்தைத் தூக்கும்போது நாம் இறுக்கிப் பிடிக்கிறோம். புசுபுசு என்று ஒரு அங்குலம் இருந்த பஞ்சு, விரல் அழுத்திய இடத்தில் தாள் மாதிரி ஆகிவிடும். உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதனால் கடையில் பொருளை மேஜைமேல் வைத்துத் தடிமன் பார்க்காதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு குக்கரைத் தூக்குகிற பலத்தோடு அழுத்திப் பாருங்கள். அப்போது மிஞ்சுகிற தடிமன்தான் உங்கள் கையைக் காப்பாற்றும் தடிமன்.

ஆக, எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அழுத்தினால் எவ்வளவு மிஞ்சும்? நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்? சூட்டில் உருகுமா, பற்றுமா?

முதல் படி: எதைத் தூக்கப் போகிறீர்கள்?

கடல் மட்டத்தில் இருக்கும் மும்பையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சாதம், பருப்பு, ரசம், பால் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். வெயிட் போட்ட குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. அப்பளம் பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 வரை. தோசைக்கல் 200 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஒன்றும் வார்க்காமல் அடுப்பில் மறந்துவிட்டால் இன்னும் ஏறும். கேக் செய்யும் ஓவனில் 180 முதல் 230.

நம் தோலுக்கு எல்லை மிகவும் குறைவு. 60 டிகிரியில் உள்ள ஒன்றை ஐந்து நொடி தொட்டாலே நன்றாகச் சுட்டுவிடும். அதனால் 100 டிகிரி பாத்திரத்துக்கு ஒரு பிடிதுணி, கல்லுக்கும் ஓவனுக்கும் வேறொரு பிடிதுணி என்று பிரித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று தைத்தால், அது ரசப் பாத்திரத்துக்குத் தேவைக்கு மேல் முரடாகவும் தோசைக்கல்லுக்குப் போதாததாகவும் இருக்கும்.

பாத்திரத்தின் வடிவத்தையும் யோசியுங்கள். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடு என்றால் இது முக்கியம். சொம்புக்குக் கைப்பிடி கிடையாது, கழுத்து உருண்டை, இடுக்கியால் பிடித்தால் மெல்லிய ஈயம் நசுங்கும். துணி வளைந்து கழுத்தோடு ஒட்ட வேண்டும். விறைப்பான தடித்த பிடிதுணி அங்கே வழுக்கும். சொம்புக்காகத் தைப்பதில் அடுக்கைக் குறைத்து, துணியை இளக்கமாக வைப்பேன். உள்ளே இருப்பது 100 டிகிரிதான் என்பதால் அது போதும்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் துணி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பருத்தி என்று சொல்லி விற்பதெல்லாம் பருத்தி இல்லை. பழைய பெட்டியில் இருந்து எடுத்த துணிக்குச் சீட்டும் இருக்காது. எரித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. துணியின் ஓரத்தில் இருந்து இரண்டு அங்குல நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே சிங்க் மேல் வைத்து, ஒரு மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். சமையல் அடுப்பில் வேண்டாம். குறுக்கு நூல், நெடுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், சில துணியில் ஒன்று பருத்தியாகவும் மற்றது பாலியஸ்டராகவும் இருக்கும்.

பருத்தி சட்டென்று எரியும், காகிதம் எரிந்த வாசனை, தொட்டால் பொடியாகும் சாம்பல். கம்பளியும் பட்டும் மெதுவாகக் கருகும், முடி பொசுங்கிய நாற்றம், சுடரை விலக்கினால் அணையும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டியான மணி மாதிரி நிற்கும். டெரிகாட்டன் இரண்டும் கலந்தது, சாம்பலும் மணியும் சேர்ந்தே வரும்.

மணி வந்த துணி எதையும் பாத்திரத்தைத் தொடும் பக்கம் வைக்கக் கூடாது. பாலியஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகும், அதற்கு நெடுநேரம் முன்பே இளக ஆரம்பிக்கும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டால் வெறும் சூட்டுக் காயத்தைவிட மோசமான காயம்.

மூன்றாம் படி: உள்ளே வைக்கும் பொருள்

நான் முதலில் கையை நீட்டுவது டர்க்கி டவலுக்குத்தான். ஜூலையில் என்னைச் சுட்ட அதே பொருள். உலர்ந்திருக்கும்வரை அதற்கு நிகராக வீட்டில் சும்மா கிடைக்கும் பொருள் வேறில்லை. அதன் இரண்டு பக்கமும் நிற்கும் நூல் வளையங்கள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. அழுத்தினாலும் முழுக்கப் படுத்துவிடாது. புது டவல் வேண்டாம், வளையம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட ரொம்பப் பழையதும் வேண்டாம். நடுத்தர வயதுள்ள, முழுப் பருத்தி டவல் பாருங்கள். ஓரத்தில் ஓடும் தட்டையான பட்டையில் வளையம் இருக்காது, அதை வெட்டி எறிந்துவிடுங்கள். டவலின் ஒரே குறை, தண்ணீரை ஆவலோடு குடிக்கும், லேசில் விடாது. அந்தக் குணத்துக்காகத்தானே அதை டவலாக நெய்தார்கள். அதற்குப் பரிகாரம் தைக்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும் செய்ய வேண்டியது. பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது கம்பளி. என்னைக் கேட்டால் தோசைக்கல்லுக்கும் ஓவனுக்கும் இதைவிடச் சிறந்த உள்ளடுக்கு கிடையாது. கம்பளி இழையில் இயற்கையாகவே சுருள் உண்டு. அழுத்தி விட்டதும் எழும்பும். பருத்தியைவிட அதிக சூட்டில்தான் பற்றும், உருகாது, சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். ஸ்வெட்டருக்கே வேலை இல்லாத மும்பையில் கம்பளிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். டில்லியில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டுப் பரணில் நிச்சயம் ஒன்று இருக்கும். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. அதை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டு, கையால் நன்றாகத் தேய்த்துக் கசக்குங்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி சுருங்கி, தடித்து, வெட்டினாலும் பிரியாத கம்பளித் தகடாகிவிடும். மெஷினில் துவைக்கலாம் என்று சீட்டில் போட்ட சில ஸ்வெட்டர்கள் எவ்வளவு தேய்த்தாலும் சுருங்காது. அக்ரிலிக் ஸ்வெட்டரும் அப்படித்தான், அதை ஒதுக்கிவிடுங்கள். எரித்துப் பார்த்தால் அக்ரிலிக் எது என்று தெரிந்துவிடும்.

மகாராஷ்டிரத்திலேயே கிடைக்கும் கம்பளி ஒன்றும் இருக்கிறது, கோங்கடி. தக்காண ஆட்டின் முரட்டு மயிரில் நெய்த கறுப்புப் போர்வை. தன்கர் இடையர்கள் தோளில் போட்டிருப்பது. எங்கள் மாடியில் இருக்கும் மராத்தி ஆஜி (பாட்டி), ஓரம் கிழிந்துபோன ஒரு கோங்கடியில் இருந்து எனக்குக் கால் பாகம் வெட்டிக் கொடுத்தார். நெசவின்போது விறைப்புக்காகப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். அதனால் முதலில் இரண்டு முறை அலசிக் காயவைத்துவிட்டு வெட்ட வேண்டும். மேலே வைத்தால் கையைக் குத்தும். உள்ளே வைக்க அருமையான பொருள்.

கம்பளியில் ஒரு எச்சரிக்கை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தது மாதிரியே இருக்கும். ஊட்டியில் அது நல்ல குணம். மும்பை ஆகஸ்டில், கையைக் கொடுக்கும் முன் சந்தேகப்பட வேண்டிய குணம். மழை மாதங்களில் கம்பளி வைத்த பிடிதுணியை மின்விசிறிக்குக் கீழே அரை நாள் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

பழைய வேட்டியும் நூல் புடவையும் எல்லார் வீட்டிலும் உண்டு. தனியாக ஒரு அடுக்கு எடுத்தால் ஒன்றுக்கும் உதவாது. பத்துப் பன்னிரண்டு அடுக்காகச் சேர்த்தால் வேறு பொருளாகிவிடும். அதே ஆஜி தைக்கும் கோதடியைப் பார்த்துத்தான் இதைக் கற்றேன். பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, மேலிருந்து கீழ் வரை சின்னச் சின்ன நூலோட்டம் போட்டுச் சேர்த்தால் அது கோதடி. அவர் கை ஊசியை அழுத்திக் குத்துவதில்லை. துணியை விரலால் சற்று எழுப்பி, ஊசியின் நுனியில் அதைக் கோத்துக்கொண்டே போவார். நூலை இழுக்கும்போதும் முழுக்க இறுக்க மாட்டார். "ஜோரானே ஓடூ நகோஸ்" என்பார், ‘பலமா இழுக்காதே’ என்று. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் நடுவில் காற்று இருக்காது என்பதை அவர் கை அறிந்து வைத்திருக்கிறது. வளைந்து கொடுக்கும் பிடிதுணி, அதாவது சொம்புக்கானது, இப்படித் தைத்தால் சரியாக வருகிறது.

வேட்டியில் ஜரிகைக் கரை இருந்தால் கட்டாயம் வெட்டி எடுத்துவிடுங்கள். அசல் ஜரிகை உலோகம், சூட்டைக் கடத்தும். மலிவு ஜரிகையில் உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை இருக்கும், உருகும். மைக்ரோவேவில் போனால் இரண்டுமே பொறி தட்டும்.

ஜீன்ஸ் துணியைப் பலர் உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெருக்கமாக நெய்த துணி, காற்றுக்கு இடம் குறைவு. ஆனால் மேல் துணியாக அருமை. உராய்வு தாங்கும், பாத்திரத்தின் விளிம்பு அறுக்காது. இழுத்தால் நீளும் ஜீன்ஸில் எலாஸ்டிக் இழை கலந்திருக்கும், அது சூட்டில் கெட்டுப்போகும். பழைய முரட்டு ஜீன்ஸ்தான் வேண்டும். அது இல்லையென்றால் காடா துணி, கேன்வாஸ், ட்ரில் எதுவும் சரி.

கடையில் வாங்குவதாக இருந்தால், ஹார்பர் லைன் ரயிலில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் இறங்கி கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் நடந்தால் மங்கள்தாஸ் மார்க்கெட். மேல் துணிக்கு வேண்டிய காடா, ட்ரில் எல்லாம் சந்து சந்தாக இருக்கும். உள்ளே வைக்கப் பஞ்சுத் தகடு கேட்டால் மெத்தை, சோபா சாமான் விற்கும் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது பாலியஸ்டர் வேடிங், தலையணைக் கடையில் ரெக்ரான் என்று சொல்லும் அதே வகைப் பஞ்சின் தகடு. வெள்ளையாக, மேகம் மாதிரி இருக்கும். அழுத்திப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது. பருத்தித் தகடுதான் வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள், கொடுத்ததில் ஒரு நுனியைக் கிள்ளி வந்து வீட்டில் எரித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

இணையத்தில் கிடைக்கும் வெள்ளி மினுக்குத் தகடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இன்சுல்-பிரைட் என்ற பெயரில் வருவது பிரபலம். பாலியஸ்டர் இழைகளுக்கு நடுவில் உலோகம் பூசிய மெல்லிய படலம். அந்தப் படலம் கதிர்வீச்சாக வரும் சூட்டைத் திருப்பி அனுப்பும். ஆனால் பிடிதுணி பாத்திரத்தோடு ஒட்டி அழுந்துகிறது, சூடு பெரும்பாலும் தொடுகை வழியாகத்தான் ஏறுகிறது. அதனால் அது மட்டும் போதாது, கூடவே பருத்தி அடுக்கும் வேண்டும். தயாரிப்பவர்களே பருத்திப் பஞ்சுத் தகட்டைச் சேர்த்து வைக்கத்தான் சொல்கிறார்கள். மைக்ரோவேவுக்கு ஆகாது. விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்றால், இரண்டு டவல் அடுக்கு இருக்கும் வீட்டில் எனக்குத் தேவைப்படவில்லை. ஓவன் கையுறை தைப்பவர்களுக்குப் பயன் உண்டு, ஓவனுக்குள் கையின் மேற்புறத்தில் அடிக்கும் அனலில் கதிர்வீச்சுக்கும் பங்கு உண்டு.

எவற்றை வைக்கவே கூடாது

இலவம் பஞ்சு. ஊரில் இருந்து வந்த தலையணையைப் பிரித்தால் கிலோ கணக்கில் கிடைக்கும், ஆசையாக இருக்கும். அதன் இழை உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருப்பதால் சூட்டைத் தடுப்பதில் கெட்டி. ஆனால் பொறி பட்டால் குப்பென்று பற்றும். கேஸ் சுடருக்குப் பக்கத்தில் புழங்கும் ஒரு பொருளுக்குள் அதை வைப்பது ஆபத்து. எவ்வளவு கவனமாக இருப்பேன் என்று சொன்னாலும் வேண்டாம்.

கடையில் தரும் நெய்யாத துணிப்பை பார்க்கத் துணி மாதிரி இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், 165 டிகிரிக்குள் உருகிவிடும். பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் தகடு அதற்கும் கீழே. சோபா ஸ்பாஞ்ச் எரிந்தால் வரும் புகை நச்சு. ஸ்டேஷனரி கடையில் கைவேலைக்கு விற்கும் வண்ண ஃபெல்ட் பெரும்பாலும் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோதான், கம்பளி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். தையல் நூலும் இதில் சேர்த்தி. மேலே பருத்தி, உள்ளே கம்பளி என்று பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு பாலியஸ்டர் நூலில் தைத்தால், தோசைக்கல்லின் சூட்டில் முதலில் விடுவது தையல்தான்.

நான்காம் படி: எதற்கு மேல் எதை அடுக்குவது

தினசரிப் பாத்திரங்களுக்கு: மேலும் கீழும் ட்ரில் அல்லது காடா, நடுவில் இரண்டு அடுக்கு டர்க்கி டவல். அழுத்தினால் நான்கைந்து மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் மூன்றாவது டவல்.

கல், இரும்பு வாணலி, ஓவன் தட்டு: பாத்திரப் பக்கம் ஜீன்ஸ், அதற்கு உள்ளே கம்பளி, பிறகு டவல் ஒன்று, கைப்பக்கம் மெல்லிய காடா. கம்பளியைச் சூட்டுப் பக்கம் வைப்பதற்குக் காரணம், ஜீன்ஸைத் தாண்டி வரும் சூட்டை முதலில் வாங்குவது உருகாத, எளிதில் பற்றாத பொருளாக இருக்கட்டும் என்பதுதான். எந்தப் பக்கம் பாத்திரத்துக்கு என்று அவசரத்தில் மறந்துபோகும், அதனால் கைப்பக்கத்துக்கு வேறு நிறம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் நீலம் பாத்திரத்துக்கு, மஞ்சள் கைக்கு. எட்டு வயது அக்காள் மகள்கூட மாற்றிப் பிடிப்பதில்லை.

ஈயச்சொம்பு: வேட்டி அடுக்கு பத்து, மேலே ஒரு நூல் புடவைத் துண்டு, நூலோட்டம். அவ்வளவுதான்.

மைக்ரோவேவ் கிண்ணத்துக்கு: துணி, பஞ்சு, நூல் எல்லாம் நூறு சதம் பருத்தி. ஜரிகை, ஜீன்ஸின் செப்புக் குமிழ், மினுக்குத் தகடு எதுவும் கூடாது. உணவோடு சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்கலாம், காலியாக உள்ளே வைத்து ஓட்டக் கூடாது.

மேஜையில் பாத்திரத்துக்குக் கீழே போடுவதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பார்க்க வேண்டாம். கோங்கடித் துண்டை இரண்டாக மடித்துச் சாக்குத் துணியால் மூடினாலே போதும்.

ஐந்தாம் படி: வெட்டுவதும் தைப்பதும்

எல்லாத் துணியையும் முதலில் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். தைத்தபின் ஒரு அடுக்கு மட்டும் சுருங்கினால் பிடிதுணி படகு மாதிரி வளைந்துகொள்ளும்.

மேல் துணி 20 சென்டிமீட்டர் சதுரம். உள் அடுக்குகள் 18. ஓரத்தில் எல்லா அடுக்கும் சேர்ந்தால் வீட்டு மெஷினில் ஊசி ஏறாது என்பதற்காக இந்த இடைவெளி. 20-க்கு மேல் பெரிதாக வேண்டாம், தொங்குகிற ஓரம் கேஸ் சுடரில் படும். மடித்த துண்டில் பாத்திரம் இறக்குவதில் உள்ள பெரிய ஆபத்தே அந்தத் தொங்கும் வால்தான்.

மெஷினில் 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். நடுவில் அடுக்குகளைச் சேர்க்கும் தையல் வரிகள் நெருக்கமாக வேண்டாம். அழகுக்காக அரை அங்குலத்துக்கு ஒரு வரி போடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் அடுக்குகளை அழுத்தி நூல் அளவுக்கு மெலிதாக்குகிறது, அந்த வரி வழியாகத்தான் சூடு முதலில் வரும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் துவைக்கும்போது உள் அடுக்கு நகராமல் இருக்க அதுவே போதும். எனக்கு நான்கு வரி, குறுக்கே நான்கு. அப்புறம் கிராஸாக வெட்டிய பருத்திப் பட்டியால் ஓரம் கட்டி, ஒரு மூலையில் தொங்கவிட வளையம்.

மெஷின் இல்லையென்றால் கையாலேயே தைக்கலாம், ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், விரல் நொந்துவிடும்.

ஆறாம் படி: நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

தைத்த உடனே ரசப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு பீங்கான் தட்டில், சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியில் இருந்து நகத்தால் சீவிய நாலைந்து துகளைப் பரப்புங்கள். அதன் மேல் பிடிதுணி, அதன் மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் அப்போதுதான் கொதித்த ஒரு லிட்டர் தண்ணீர். பாத்திரத்தின் கனம் அடுக்குகளைக் கொஞ்சம் அழுத்தும், ஆனால் விரலின் இறுக்கமான பிடி அளவுக்கு அழுத்தாது. ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மெழுகு பொதுவாக 50 முதல் 65 டிகிரிக்குள் இளகும், நம் தோல் சுடும் எல்லையும் ஏறக்குறைய அங்கேதான். துகள்கள் சீவினபடி கூராக இருந்தால் பிடிதுணி தேறியது. முனை மழுங்கிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் ஒரு அடுக்கு கூட்டுங்கள்.

நான் இதை ஒரே பிடிதுணியில் இரண்டு முறை செய்தேன். முதலில் உலர்ந்தபடி. துகள்கள் அப்படியே இருந்தன, ஒன்று ஊதினதும் பறந்தது. பிறகு அதன் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, புதுத் துகள் போட்டு வைத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, தட்டின் நடுவில் மெழுகு தண்ணீராக ஓடி, ஓரத்தில் வெள்ளையாக உறைந்து நின்றது. அக்காளுக்கு அந்தத் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் வீட்டில் பிடிதுணியால் மேடை துடைப்பது அன்றோடு நின்றது.

தோசைக்கல்லுக்கான பிடிதுணியை இதில் தேறிய பிறகும், முதல் வாரம் வெறும் ஐந்து நொடி மட்டும் பிடித்துப் பழகுங்கள்.

சோதிக்கும்போதோ சமைக்கும்போதோ சுட்டுவிட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழு 20 நிமிடம். ஐஸ், டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளும் முறை

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பிடிதுணியின் பாதி வேலை அதை உலர்ந்தபடி வைப்பதுதான். ஒரு ஜோடி போதாது, மூன்று ஜோடி தையுங்கள். ஒன்று புழக்கத்தில், ஒன்று காய்ந்துகொண்டு, ஒன்று டப்பாவில். சிங்குக்கு மேல் ஆணி அடித்துத் தொங்கவிடுவது பல வீட்டில் வழக்கம், அங்கே தெறிக்கும் தண்ணீர் போதும். அடுப்புக்கு நேர் மேலேயும் கூடாது, ஆவி ஏறும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் ஒரு காந்தக் கொக்கி. அந்தப் பக்கம் எப்போதும் லேசான வெதுவெதுப்பு இருக்கிறது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? மேல் துணி காய்ந்து உள் டவல் ஈரமாக இருக்கும், அதுதான் ஏமாற்றும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்தில் சில்லென்று தெரியும். வேட்டித் துணியில் தைத்ததற்கு இந்தத் தொல்லை குறைவு, அடுக்குகள் மெல்லியவை, சீக்கிரம் உலரும். ஆகஸ்டில் நான் அதிகம் எடுப்பது அதைத்தான்.

எண்ணெய் ஊறினதைத் துவைக்காமல் வைக்காதீர்கள், எண்ணெய்த் துணி சுடரைத் தேடிப் பிடிக்கும். பருத்தியும் டவலும் வெந்நீரில் துவைக்கலாம். கம்பளி உள்ளே இருப்பதைக் குளிர்ந்த நீரில், கசக்காமல், உதறிக் காயவையுங்கள்.

ஒரு பிடிதுணியை எப்போது தூக்கிப் போடுவது என்பதற்கு என் கணக்கு இது. நடுவில் பழுப்பாகக் கருகிய வட்டம் விழுந்துவிட்டால், அங்கே இழை நொறுங்கத் தொடங்கியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒளி தெரிந்தால், அடுக்கு ஒதுங்கிவிட்டது. இரண்டில் ஒன்று நடந்தாலும் ஓரப்பட்டியைப் பிரித்து, நல்ல அடுக்குகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். போன வாரம் அப்படிப் பிரித்த ஒன்றில் ஆஜி கொடுத்த கோங்கடித் துண்டு தைத்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. ஜீன்ஸும் டவலும்தான் போயிருந்தன. அதைப் புது ஜீன்ஸுக்குள் வைத்து மறுபடி தைத்துவிட்டேன்.